பம்ப் இருக்கட்டும், கணவரின் எஃப்எஸ்ஏவை முதலில் பாருங்கள்

வாசகி கேள்வி:

நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். 2026 ஜூன் முதல் வாரத்தில் பிரசவம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். முதல் குழந்தை. என் ஆபீஸ் வழியாக ஹை டிடக்டிபிள் இன்சூரன்ஸும் (டிடக்டிபிள் என்ற பெரிய தொகைவரை முதலில் நாமே கட்ட வேண்டிய திட்டம்) ஹெச்எஸ்ஏ கணக்கும் (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) மூன்று வருடமாக இருக்கின்றன. போன வருடக் கடைசியில் கணக்கில் 3,100 டாலர் இருந்தது. இந்த ஜனவரியில் கம்பெனி 500 டாலர் போட்டது. நானும் ஒவ்வொரு சம்பளத்திலும் 150 டாலர் போடுகிறேன். இதுவரை ஆறு சம்பளம் வந்துவிட்டது. இந்தப் பணத்தில் பிரஸ்ட் பம்ப், பால் சேமிக்கும் பைகள், நர்சிங் பிரா, கர்ப்பகால உடைகள், டயப்பர் எல்லாம் வாங்கலாமா? சில கடைகளில் ஹெச்எஸ்ஏ கார்டு வேலை செய்கிறது, சில கடைகளில் செய்வதில்லை. மே மாதம் மதுரையிலிருந்து அம்மா வருகிறார். அவருடைய டிக்கெட், பயண இன்சூரன்ஸ், கொண்டுவரும் பிரசவ லேகியம், இதெல்லாம் இதில் சேருமா? என் கணவர் வேறு கம்பெனியில் இருக்கிறார், அவருடைய இன்சூரன்ஸ் தனி. குழந்தைச் செலவுக்கு உதவும் என்று இந்த வருடம் முதல்முறையாக அவரும் எஃப்எஸ்ஏவில் (மருத்துவச் செலவுக்காக வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிக்கும் கணக்கு) 1,200 டாலருக்குப் பதிவு செய்திருக்கிறார்.

வரி ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பம்புக்கும் பிராவுக்கும் பிறகு வருகிறேன். கடைசி வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்; எனக்குக் கண் அங்கேதான் நின்றது. உங்கள் கணவர் எடுத்திருப்பது எல்லா மருத்துவச் செலவுக்கும் பொதுவான எஃப்எஸ்ஏ என்றால், அது நடப்பில் இருக்கும்வரை உங்கள் ஹெச்எஸ்ஏவில் ஒரு டாலர்கூடப் போட உங்களுக்குத் தகுதி இல்லை.

ஹெச்எஸ்ஏவில் பணம் போடுகிறவருக்கு ஹை டிடக்டிபிள் திட்டத்தைத் தவிர வேறு பொது மருத்துவக் காப்பு இருக்கக் கூடாது. பல், கண் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பொதுவான எஃப்எஸ்ஏ அப்படியல்ல. டிடக்டிபிள் எதுவும் இல்லாமல் முதல் டாலரிலிருந்தே பணம் தரும். ஊழியருக்கு மட்டுமல்ல, அவர் மனைவியின் செலவுக்கும் தரும். அதனால் அதை உங்களுக்கும் உள்ள ஒரு காப்பாகவே அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் எடுத்துக்கொள்கிறது. "என் செலவுக்கு அதிலிருந்து நாங்கள் எதுவும் எடுக்கவே இல்லையே" என்று சொல்லிப் பயனில்லை. எடுக்க வழி இருக்கிறது என்பதே போதும்.

இதில் உங்கள் இருவர் மேலும் தப்பு சொல்ல மாட்டேன். இரண்டு கம்பெனி, இரண்டு ஹெச்ஆர், ஒருவர் ஃபைல் மற்றவருக்குத் தெரியாது. நவம்பரில், அடுத்த வருடத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட்டின் கடைசி நாளன்று ராத்திரி பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு லேப்டாப்பில் கிளிக் செய்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மார்ச்சில் என் மேஜைக்கு வந்து முழிக்கிறார்கள். குழந்தையை எதிர்பார்க்கும் தம்பதிகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன், ஏனென்றால் அந்த வருடம்தான் இரண்டு பேருமே "மருத்துவச் செலவு வரப்போகிறது" என்று தனித்தனியாக யோசிக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? இந்த வாரமே கணவரை அவருடைய ஹெச்ஆரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எடுத்திருப்பது பொதுவான எஃப்எஸ்ஏவா, அல்லது பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான லிமிடெட் பர்ப்பஸ் வகையா? அந்தத் திட்டத்தின் ஆவணப்படி மனைவியின் செலவும் அதில் சேருமா? லிமிடெட் என்று பதில் வந்தால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, இந்தக் கடிதத்தின் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம். ஊழியரின் சொந்தச் செலவுக்கு மட்டும் என்று எழுதிவைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, ஆனால் அபூர்வம்.

பொதுவானதுதான் என்றால், உங்கள் பேரோலில் சொல்லி அந்த 150 டாலரை உடனே நிறுத்துங்கள். இதுவரை உங்கள் பங்கு 900, கம்பெனியின் 500, ஆக 1,400 டாலர் 'அதிகப்படி' ஆகிவிட்டது. கம்பெனி போட்டதும் இதில் சேரும். உங்கள் ஹெச்எஸ்ஏ நிர்வாகியிடம் அதிகப்படிப் பணத்தைத் திருப்பி எடுப்பதற்கென்றே ஒரு படிவம் இருக்கும். அந்த 1,400ஐயும் அது ஈட்டிய வட்டியையோ லாபத்தையோ சேர்த்து, 2026க்கான வரித் தாக்கலின் கடைசித் தேதிக்குள், அதாவது 2027 ஏப்ரல் 15க்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்த பணம் வருமானத்தில் சேரும், சாதாரண வரி கட்டுவீர்கள், அத்தோடு விஷயம் முடிந்தது. எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு வருடமும் 6 சதவீதம் தண்டவரி. சும்மா கார்டைத் தேய்த்துச் செலவழித்துவிட்டால் அதிகப்படி தீர்ந்துவிடாது. அந்தப் படிவத்தின் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

குழந்தை பிறந்ததைக் காட்டிக் கணவரின் எஃப்எஸ்ஏவை ரத்து செய்யலாமே என்று கேட்பீர்கள். குழந்தை பிறப்பது நடுவருடத்தில் தேர்வை மாற்ற அனுமதிக்கும் நிகழ்வுதான். ஆனால் மாற்றம் நிகழ்வோடு பொருந்தி வர வேண்டும் என்பது விதி. குடும்பத்தில் ஒரு ஆள் கூடியதற்காக மருத்துவச் செலவுக் கணக்கைக் கூட்டுகிறேன் என்றால் பொருந்தும், குறைக்கிறேன் என்றால் ஹெச்ஆர் புருவத்தைத் தூக்கும். கேட்டுப் பாருங்கள், நம்பிக்கை வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், வருடக் கடைசியில் மிச்சம் வைக்காமல் அந்த 1,200ஐயும் செலவழித்துவிடுவது. சில திட்டங்களில் மிச்சப் பணம் அடுத்த வருடத்துக்கு நகரும்; 2026இலிருந்து 680 டாலர்வரை நகர்த்தலாம். அந்த மிச்சம் பொதுவான எஃப்எஸ்ஏவாகவே 2027க்குள் போனால், உங்கள் ஹெச்எஸ்ஏ தகுதி 2027 முழுவதற்கும் போய்விடும். ஐம்பது டாலர் மிச்சம் இருந்தாலும் அதே கதைதான்.

ஒரு நல்ல செய்தி. தடை பணம் போடுவதற்கு மட்டும்தான், எடுப்பதற்கு இல்லை. பழைய 3,100 டாலர் உங்களுடையது. அதை இன்றைக்கும் மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் எடுக்கலாம். உங்கள் கணவர் வேறு இன்சூரன்ஸில் இருந்தாலும் அவருடைய செலவுக்கும், பிறகு குழந்தையின் செலவுக்கும் எடுக்கலாம்.

இப்போது உங்கள் பட்டியல்.

ஹெச்எஸ்ஏவுக்கும் எஃப்எஸ்ஏவுக்கும் எது மருத்துவச் செலவு என்ற இலக்கணம் ஒன்றேதான். வரிச் சட்டத்தின் 213ஆவது பிரிவு நோயைக் கண்டறிவது, குணப்படுத்துவது, தடுப்பது ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, உடலின் ஒரு உறுப்பையோ அதன் இயக்கத்தையோ பாதிக்கும் செலவு என்றும் சேர்த்துச் சொல்கிறது. தாய்ப்பால் பம்ப் உள்ளே வந்தது இந்தக் கடைசி வாசலால்தான். 2010வரை பம்ப் இந்தக் கணக்குகளில் செல்லாது. பால் என்பது உணவு, உணவுச் செலவு மருத்துவச் செலவு ஆகாது என்பது அன்றைய வாதம். 2011 பிப்ரவரியில் ஐஆர்எஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டுப் பம்பும், பால் சுரப்புக்கு உதவும் பொருட்களும் மருத்துவச் செலவே என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே பம்ப் செல்லும். அதன் குழாய், வால்வு, மார்பில் வைக்கும் புனல் செல்லும். பால் சேமிக்கும் பைகளை இதே கணக்கில் நிர்வாகிகள் ஏற்கிறார்கள். ஆனால் ஐஆர்எஸ்ஸின் 502ஆம் வெளியீட்டில் ஒரு வரி இருக்கிறது: சேமித்து வைக்கத் தேவைக்கு மேல் வாங்கும் பாட்டில்கள் சேராது. பம்போடு வரும் பாட்டில் சரி, தள்ளுபடியில் கிடைக்கிறதென்று இரண்டு டஜன் பாட்டில் வாங்கினால் அது உங்கள் கைக்காசு.

ஆனால் பம்புக்கு இந்தப் பணத்தைத் தொடுவானேன்? ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டப்படி, பழைய விதிவிலக்குத் திட்டங்கள் சிலவற்றைத் தவிர மற்ற இன்சூரன்ஸ்கள் எல்லாம் 2012 ஆகஸ்டுக்குப் பின் தொடங்கிய திட்ட வருடங்களிலிருந்து தாய்ப்பால் பம்பையும், பால் கொடுப்பதற்கான ஆலோசனையையும் உங்கள் பங்கு இல்லாமல் கொடுக்க வேண்டும். டிடக்டிபிள் கட்டி முடிக்கவில்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. இன்சூரன்ஸ் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, எந்தச் சப்ளையரிடம் வாங்க வேண்டும், டாக்டர் சீட்டு வேண்டுமா, எப்போது ஆர்டர் செய்யலாம் என்று கேளுங்கள். நீங்களாக ஆன்லைனில் வாங்கிவிட்டு பில் அனுப்பினால் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள். இலவசமாக வரும் மாடல் பிடிக்காமல் உடுப்புக்குள் வைத்துக்கொள்ளும் உயர்ரக மாடல் வேண்டும் என்றால் சப்ளையர் மேல்தொகை கேட்பார். அந்த மேல்தொகைக்கு எஃப்எஸ்ஏவைத் தேயுங்கள். குழந்தை முன்கூட்டியே பிறந்து ஆஸ்பத்திரித் தரத்துப் பம்பை வாடகைக்கு எடுக்க நேர்ந்தால், முதலில் இன்சூரன்ஸைக் கேளுங்கள். அவர்கள் தராத வாடகைக்கும் இதே வழி.

கர்ப்பகால உடை செல்லாது. 502ஆம் வெளியீடு அதைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. நர்சிங் பிராவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, ஆனால் அதுவும் உடை என்றே நான் கொள்வேன்; என் வாடிக்கையாளர்களிடம் கைக்காசில் வாங்கச் சொல்கிறேன். பம்பைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே விற்கும் பிரா வேறு, அதைப் பம்பின் துணைப்பொருள் என்று வாதாடலாம். நாற்பது டாலருக்காக வாதாடத் தெம்பு இருக்கிறதா என்பது உங்கள் முடிவு. முதுகுவலிக்கு டாக்டர் சொல்லி வாங்கும் வயிற்றுத் தாங்கு பெல்ட் என்றால் அவர் எழுதிய குறிப்பைப் பத்திரப்படுத்திக்கொண்டு வாங்குங்கள்.

டயப்பர், ஃபார்முலா பால் மாவு, கார் சீட், தொட்டில், ஆரோக்கியமான குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் அல்லது ஆயா: எதுவும் செல்லாது. குழந்தை நோய்வாய்ப்பட்டு அதற்காக ஏற்படும் செலவு வேறு. நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது டே கேருக்கு டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ என்று தனிக் கணக்கு உண்டு. பல வருடமாக 5,000 டாலராக இருந்த அதன் உச்சவரம்பு 2026இலிருந்து 7,500 ஆகியிருக்கிறது. அது ஹெச்எஸ்ஏவுக்கு இடைஞ்சல் செய்யாது. பெயரில் எஃப்எஸ்ஏ இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைக்கும் கம்பெனிகளின் விளம்பரம் இந்நேரம் உங்கள் போனுக்கு வர ஆரம்பித்திருக்கும். என்றைக்காவது உதவும் என்று சேமிப்பது மருத்துவச் செலவு ஆகாது. இப்போது இருக்கும் ஒரு நோய்க்கு வேண்டியிருந்தால்தான் ஆகும்.

யாரும் கேட்காமல் விடுகிற பொருட்கள் சில உண்டு. 2020இல் கோவிட் காலத்தில் வந்த கேர்ஸ் சட்டம் சானிட்டரி பேடுகளை மருத்துவச் செலவாக்கியது. மாதவிடாய் மட்டுமல்லாமல் பிறப்புறுப்பிலிருந்து வரும் மற்றக் கசிவுகளும் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கின்றன. ஆகவே பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் வேண்டியிருக்கும் பெரிய பேடுகளைத் தாராளமாக வாங்கலாம். அதே சட்டத்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை, மலமிளக்கி, குழந்தைக்கான காய்ச்சல் மருந்து ஆகியவையும் செல்லும். தெர்மாமீட்டர் செல்லும். முலைக்காம்பு வெடிப்புக்கான லானோலின் களிம்பு செல்லும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கொடுக்கும் பார்க்கிங் காசும் டோலும்கூட மருத்துவச் செலவு. சுங்கச் சாலையான டர்ன்பைக்கில் ஒன்பது மாதம் போய்வருகிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. பிரசவ வகுப்பில் உங்கள் பங்குக் கட்டணம் செல்லும், ஆனால் டயப்பர் மாற்றவும் குளிப்பாட்டவும் சொல்லித்தரும் வகுப்பு செல்லாது. விட்டமின்கள் பொதுவாகச் செல்லாது என்றாலும் கர்ப்பகால விட்டமினை நிர்வாகிகள் பரவலாக ஏற்கிறார்கள். டாக்டர் பரிந்துரைத்த தாள் ஒன்று கையில் இருக்கட்டும்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். டிக்கெட் செல்லாது, பயண இன்சூரன்ஸ் செல்லாது, இங்கே வந்த இடத்தில் அவருக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினால் அதுவும் செல்லாது. விசிட்டர் விசாவில் வரும் பெற்றோர் வரிச் சட்டப்படி உங்களைச் சார்ந்தவர், அதாவது 'டிபென்டென்ட்' ஆவதில்லை. அதற்கு அமெரிக்கக் குடியுரிமையோ, வரிக்கணக்கில் இங்கே வசிப்பவர் என்ற நிலையோ வேண்டும். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறிய லேகியத்தை ஐஆர்எஸ் மருந்தென்று ஒப்புக்கொள்ளாது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் பால் சுரக்க வைக்கும் என்று நீங்களும் நானும் நம்பலாம், வரிக்கணக்கில் அவை சாப்பாடு. லேகியத்தை அம்மா வீட்டில் கிளறினால் ஒன்று, கடையில் டப்பாவாக வாங்கி வந்தால் வேறு. சில ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்துத் துறையான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது, பால் கொடுக்கும்போது டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். இது வரி ஆலோசனை இல்லை.

கார்டு வேலை செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். கடையின் கம்ப்யூட்டர் சரி என்று சொன்னதால் செலவு செல்லுபடி ஆகிவிடாது. என்னிடம் வந்த ஒருவர் பெரிய கடை ஒன்றில் வருடம் முழுக்க டயப்பரை ஹெச்எஸ்ஏ கார்டில் வாங்கியிருந்தார், "கார்டு போச்சு சார், அப்போ சரிதானே?" என்றார். எஃப்எஸ்ஏ என்றால் நிர்வாகி ரசீது கேட்டு நச்சரிப்பார். ஹெச்எஸ்ஏவில் யாரும் கேட்க மாட்டார்கள், ஐஆர்எஸ் கேட்கும் நாள்வரை. தகுதியில்லாத 200 டாலர் உடையை அதில் வாங்கினீர்கள் என்று வையுங்கள். உங்கள் வரி விகிதம் 22 சதவீதம் என்றால் 44 டாலர் வருமான வரி, அதற்கு மேல் 20 சதவீத அபராதம் 40 டாலர், மொத்தம் 84. ஏற்கெனவே தெரியாமல் செய்திருந்தால் நிர்வாகியிடம் 'தவறுதலாக எடுத்தது' என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிப் போட வழி இருக்கிறது. எல்லா நிர்வாகியும் ஒத்துக்கொள்வதில்லை. "எங்கள் டாக்டர் ஆன்லைனில் கடிதம் தருவார், எதை வேண்டுமானாலும் ஹெச்எஸ்ஏவில் வாங்கலாம்" என்று விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். 2024 மார்ச்சில் ஐஆர்எஸ் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது.

எந்தப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று என்னைக் கேட்டால்: பம்பின் மேல்தொகை, பைகள், பேடுகள், களிம்பு, மாத்திரை எல்லாம் கணவரின் 1,200இல் போகட்டும். அது வருடத்தோடு காலாவதியாகும் பணம். ஜனவரி முதல் தேதியிலிருந்தே முழுத் தொகையும் கிடைக்கும், சம்பளத்தில் பிடித்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிச்சம் இருந்தால் ஆஸ்பத்திரி பில்லின் முதல் பகுதிக்குப் போகட்டும். ஒரே ரசீதுக்கு இரண்டு கணக்கிலும் பணம் எடுக்கக் கூடாது. உங்கள் 3,100ஐ முடிந்தால் தொடாதீர்கள். கணக்கு திறந்த பிறகு ஏற்பட்ட செலவுக்கு எத்தனை வருடம் கழித்தும் ஹெச்எஸ்ஏவிலிருந்து வரியில்லாமல் எடுக்கலாம், கெடு கிடையாது. பிரசவ பில்லில் உங்கள் பங்கைச் சேமிப்பிலிருந்து கட்ட முடிந்தால் கட்டிவிட்டு, ரசீதை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாப்பா பள்ளிக்கூடம் போகும்போதுகூட அந்தத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். கையில் காசு இல்லையென்றால் வெட்கப்படாமல் இப்போதே எடுங்கள், அதற்காகத்தான் கணக்கு.

நியூஜெர்சியில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவைப் போல உங்கள் மாநிலமும் ஹெச்எஸ்ஏவுக்கு மாநில வரிச் சலுகை தருவதில்லை. கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வில் மாநிலச் சம்பளம் அதிகமாகத் தெரிந்தால் அதுவும் ஒரு காரணம், கம்பெனியின் தப்பு இல்லை. ஃபெடரல் தாக்கலில் 8889ஆம் படிவம் கட்டாயம்; பணம் போட்டிருந்தாலும் எடுத்திருந்தாலும் அதை நிரப்ப வேண்டும். இந்த வருடம் அதில் உங்களுக்கு அனுமதித்த வரம்பு தகுதியில்லாத மாதங்களுக்குப் பூஜ்யம் என்று வரும், அதிர்ச்சி அடைய வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் யாருடைய இன்சூரன்ஸில் சேர்ப்பது என்பதை இப்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். உங்கள் திட்டத்தில் சேர்த்தால் நீங்கள் குடும்பத் திட்டத்துக்கு மாறுகிறீர்கள், டிடக்டிபிளும் குடும்பத்துக்கு உரியதாக ஏறலாம். ஏற்கெனவே கட்டியது கணக்கில் வருமா, குழந்தைக்குத் தனி டிடக்டிபிளா என்று கேளுங்கள். கணவரின் திட்டத்தில் சேர்த்தால் எவ்வளவு கூடுகிறது என்று அவர் கேட்கட்டும். ஆபீஸ் இன்சூரன்ஸில் சேர்க்கச் சட்டம் உறுதியாகத் தரும் அவகாசம் பிறந்த நாளிலிருந்து 30 நாள். அதற்குள் சொல்லிவிட்டால் காப்பு பிறந்த நாளிலிருந்தே தொடங்கும். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருந்து சிலர் 30 நாளைக் கோட்டைவிடுகிறார்கள். எண் இல்லாமலே முதலில் பதிவு செய்துவிட்டு, வந்த பிறகு கொடுக்கலாமா என்று ஹெச்ஆரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் உங்கள் இருவருக்கும் தூக்கம் இருக்காது, அதனால் அந்த போன் நம்பரை அம்மாவிடமும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.